வீடு மாறும்போது எழுத்தைத் தொலைக்கலாமா?



2014-ஆம் ஆண்டில் எங்கள் பள்ளியின் பழைய வழங்கிக் கணினிக்கு மாற்றாகப் புதியது ஒன்று வந்தது. ஒரு சனிக்கிழமை அன்பர் ஒருவர் ஊதியம் பெறாமல் மென்பொருள்களை நிறுவி, தரவுகளை மாற்றிக் கொடுத்தார். திங்கட்கிழமை மாணவர் கட்டுரைகளைத் திறந்து பார்த்தேன். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிக் கிடந்தது. ஆங்கிலத் தலைப்புகளுக்கும் எண்களுக்கும் ஒரு குறையும் இல்லை.

காரணம் மிகச் சிறியது. பழைய கணினியில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் ஒருங்குறியில் இயங்குமாறு அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. அந்த வரி புதிய கணினிக்குப் போகவில்லை. அக்காலத்து மைஎஸ்கியூஎல், நாம் எதுவும் சொல்லாவிட்டால் ‘லேட்டின்-1’ என்னும் மேலை எழுத்துத் தொகுதியையே எடுத்துக்கொள்ளும். அதில் தமிழுக்கு இடமில்லை. இடமில்லாத எழுத்துக்குக் கேள்விக்குறியை இட்டுவிடும். அவ்வாறு மாறியதை மீட்க வழியே இல்லை. மூலம் இருந்தால் மட்டுமே மீண்டும் தொடங்கலாம்.

மூலம் இருந்தது. ஆனால், அந்தப் பழைய கணினியைத் துடைத்துப் பாலர் பள்ளிக்குக் கொடுக்க மறுநாள் நாள் குறித்திருந்தார்கள்! ஆண்டு 5 மாணவன் ஒருவன், பால்மரம் சீவிய தன் தாத்தாவிடம் கேட்டு எழுதிய தோட்டத்துக் கதையும் அதில்தான் இருந்தது. தாத்தா அப்போது உயிருடன் இல்லை. ஒரு நாள் தாமதித்திருந்தால் அந்தக் கதையை யாரிடம் போய்க் கேட்பது?

அந்த அன்பர்மீது குற்றம் சுமத்த எனக்கு மனமில்லை. குறை நம்முடையது. கணினி வாங்க நன்கொடை திரட்டினோம்; பழைய கணினி எவ்வாறு அமைக்கப்பட்டிருந்தது என்று ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லை. திஸ்கி எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாறியபோது பட்ட பாட்டை இவ்வளவு விரைவில் மறந்துவிட்டோமே!

2018-இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல் 8.0 முதல் நான்கு பைட் ஒருங்குறியே இயல்பு அமைப்பாகிவிட்டது. “இனிக் கவலை இல்லை” என்று சிலர் சொல்லலாம். அதை நான் ஏற்கவில்லை. பழைய அட்டவணைகளைக் கொண்டுவந்தால் அவற்றின் பழைய எழுத்துத் தொகுதியும் கூடவே வரும். மேலும், எழுத்துத் தொகுதி பல அமைப்புகளுள் ஒன்றுதான். பயனர் உரிமை, நேர மண்டலம், இரவில் தானாக நகலெடுக்கும் கட்டளை ஆகியவை தரவோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். லினக்ஸ் வழங்கியில் ‘இடிசி’ கோப்புறையையும் சேர்த்து நகலெடுங்கள். ஆயினும், பதிப்பு மாறியிருந்தால் அப்படியே கொட்டிவிடாமல் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மாற்றத்திற்கு முன்னும் பின்னும் பதிவுகளை எண்ணுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பத்துக் கட்டுரைகளையாவது திறந்து படிக்கட்டும். ஒரு பருவம் முடியும்வரை பழைய வட்டைத் துடைக்காதீர்கள்.

பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் புதுக் கணினியின் விலையைக் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “பழைய கணினி எங்கே இருக்கிறது?” என்றும் கேளுங்கள். அதில் இருப்பது உங்கள் பிள்ளைகளின் எழுத்து.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியர்