காது வலியா? முதலில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வையுங்கள்!

இரவு இரண்டு மணி. சளியோடு தூங்கப்போன குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அலறுகிறது. வீட்டில் உடனே ஒரு குரல்: "பூண்டைத் தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி ரெண்டு சொட்டு விடு, சரியாயிடும்." நமக்கே வலித்தால் பட்ஸ் எடுத்துக் குடைவோம். இல்லையா, மெடிக்கலில் போய் "காதுக்கு டிராப்ஸ் குடுங்கண்ணா" என்போம். மூன்றிலும் தவறு ஒன்றுதான். வலி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலேயே காதுக்குள் கைவைக்கிறோம்.

வலி எங்கே?

காதில் தொற்று பெரும்பாலும் இரண்டு இடங்களில் வரும். ஒன்று, செவிப்பறைக்கு வெளியே உள்ள குழாயில். காது மடலை இழுத்தாலே உயிர் போகும். காதில் தங்கும் ஈரம், பட்ஸ் கீறல், நாள் முழுக்கக் கழற்றாத இயர்போன் எல்லாம் இதற்கு வழிவிடும்.

இன்னொன்று, செவிப்பறைக்குப் பின்னால், நடுக்காதில். மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய், குழந்தைகளுக்குக் குட்டையாக, படுக்கைவாட்டில் இருக்கும். சளி பிடித்தால் அது அடைத்துக்கொள்ளும். உள்ளே நீர் கோத்து, கிருமி பெருகி, சீழ் பிடிக்கும்.

செவிப்பறை முழுசாக இருந்தால் நீங்கள் விடும் எண்ணெய் அங்கே போகவே போகாது. ஓட்டை விழுந்திருந்தால் நேராக உள்ளே போய்த் தொல்லையைக் கூட்டும். வெளியிலேயே தங்கினாலும், நம்ம ஊர் புழுக்கத்தில் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். பழைய டிராப்ஸும் அப்படித்தான். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்தவற்றை ஓட்டை விழுந்த காதில் விட்டால் கேட்கும் திறனே பாதிக்கப்படலாம்.

குரும்பியும் அழுக்கு இல்லை, காதுக்குக் காப்பு. அது தானாக வெளியே வரும்; பட்ஸ்தான் அதை உள்ளே தள்ளுகிறது.

சரி, என்ன செய்யலாம்?

அந்த ராத்திரிக்குத் தேவை வலி நிவாரணி. குழந்தையின் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுங்கள். நடுக்காதுத் தொற்று பல நேரம் இரண்டு மூன்று நாளில் தானாகவே அடங்கிவிடும். ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதைக் காதுக்குள் பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும். மெடிக்கல் கடைக்காரர் சொல்ல முடியாது.

ஆனால் சீழ் வடிதல், அதிகக் காய்ச்சல், தலைசுற்றல், காது மந்தம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். கைக்குழந்தை என்றாலும் அப்படியே. காதுக்குப் பின்னால் வீக்கமோ, முகம் ஒரு பக்கம் கோணுவதோ தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களின் தீராத காது வலியையும் அலட்சியம் செய்யக்கூடாது. தொற்று எலும்பு வரை போகும்.

வராமல் தடுக்க? படுக்கவைத்துப் பாட்டில் பால் கொடுக்காதீர்கள். வீட்டுக்குள் சிகரெட் வேண்டாம். ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என அரசு மையங்களில் இலவசமாகப் போடும் நிமோகாக்கல் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

பாட்டியின் அக்கறையில் குறையே இல்லை. ஆனால் காதுக்குள் எட்டிப்பார்க்க அன்று அவருக்கு வழி இல்லை. இன்று நமக்கு இருக்கிறது. அடிக்கடி காது அடைத்துக் கிடக்கும் பிள்ளைக்குப் பேச்சும் படிப்பும் பின்தங்கலாம். ரெண்டு சொட்டு எண்ணெயை நம்பி அதைப் பணயம் வைக்கலாமா?