தனி மிஷின் வேண்டும்!



மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டில் சப்பாத்தி கிடையாது. தங்கைக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் அவளுடைய சிறுகுடலின் உட்சுவரே சேதமாகிவிடும். மருந்து? ஆயுசு முழுக்க அதைத் தொடாமல் இருப்பதுதான்.

"நமக்கென்னப்பா, இட்லி தோசைதானே!" என்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா! மாவு மில்லிலோ, முன்னால் வந்தவர் கோதுமை அரைத்த அதே மிஷினில்தான் எங்கள் பச்சரிசியும். அந்த இடியாப்பத்தைச் சாப்பிட்டுத் தங்கை ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகலை.

அமெரிக்காவில் அன்ஹைசர்-புஷ் கம்பெனி 2006-ல் குளூட்டன் இல்லாத ரெட்பிரிட்ஜ் பீரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்லிக்குப் பதிலாக எதில் தெரியுமா? நம்ம ஊர்ச் சோளத்தில்! பீர் குடிப்பவருக்காகக் கவலைப்பட ஒரு கம்பெனி இருக்கிறது. இடியாப்பம் சாப்பிடும் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

'குளூட்டன் இல்லாதது' என்று பாக்கெட்டில் போட, நம் நாட்டு விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு கிலோ அரிசி மாவில் ஒரே ஒரு கிராம் மைதா கலந்தாலே தாண்டிவிடும். மிஷின் இடுக்கில் தங்கிய மாவே போதும்!

ஆகவே தனி மிஷின், தனி சல்லடை வேண்டும். இது டாக்டர் வேலையா? இல்லை, மெக்கானிக்கல் படிக்கிற நம்ம வேலை. இறுதியாண்டு புராஜெக்டாக, வீட்டுக்கேற்ற ஒரு சின்ன அரைவை மிஷின் செய்தால் என்ன? மார்க்கும் வரும், என் தங்கை பயமில்லாமல் இடியாப்பமும் சாப்பிடுவாள்.

செய்வோமா?