ஓவனில் சுட்ட அட்டை
கோல சிலாங்கூரை அடுத்த புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டமொன்றில், அதிக உஷ்ணத்தால் பழுதாகித் திரையெங்கும் கோடுகள் காட்டிய தன் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டை, தீபாவளிக்குக் கேக் செய்யும் ஓவனிலேயே வைத்து ஒரு தம்பி சுட்டெடுத்தான் என்று கேள்விப்பட்டதிலிருந்து என் மனம் அமைதி கொள்ளவில்லை. கார்டு உயிர்த்தெழுந்தது மெய்தான். ஆயினும், பழைய ஈயப் பற்றாசு 183 பாகை செல்சியஸில் உருகிவிட, 2006-இல் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பியச் சட்டம் அமலான பின் எங்கும் பரவிய ஈயமற்ற பற்றாசோ ஏறத்தாழ 217 பாகையை எட்டினாலன்றி உருகாதாதலால், வீட்டு ஓவனின் மிதமான சூட்டில் நேர்ந்தது சிகிச்சையன்று. சில்லின் அடியில் விரிசல் கண்ட நுண்ணிய இணைப்புகள் விரிந்து மீண்டும் தற்காலிகமாய்த் தொட்டுக்கொண்டதே. கோடுகள் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். செம்மண் பாதைத் தூசி அடைத்த விசிறியைத் துடைத்து, உலர்ந்துபோன வெப்பப் பசையை ஆறு மாதத்துக்கு முன்பே மாற்றியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு பிரயாசை வந்திராது. ஆனால் என்னை வாட்டுவது கார்டன்று, ஓவன். பிளாஸ்டிக்கும் ரசாயனமும் புகையாய்ப் படிந்திருக்கும் அதனுள்ளேதான் குழந்தைகளின் பலகாரமும் வேகப்போகிறது. இனி அதில் உணவு சமைக்க வேண்டாம் அம்மா என்று அந்தப் பிள்ளையின் தாயாரிடம் நேற்று நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.