பாட்டு வாத்தியாருக்கு எதற்குப் பட்டம்?

"நல்லாப் பாடுறாங்க, அப்புறம் என்ன? நாளையிலிருந்து வரச் சொல்லுங்க." பல பள்ளிகளில் பாட்டு டீச்சரைத் தேர்ந்தெடுக்கும் முறை இவ்வளவுதான். கணக்கு டீச்சர் என்றால் பி.எட். கேட்பார்கள். பாட்டு டீச்சரிடம் ஒரு கீர்த்தனை கேட்பார்கள். பாடத் தெரிந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்ற நம்பிக்கை பெற்றோரிடம் இருக்கிறது, நிர்வாகிகளிடம் இருக்கிறது, பெரிய வித்வான்களிடமும் இருக்கிறது. அது தவறு. அந்தத் தவறுக்கான விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

என்னிடமும் அந்த நம்பிக்கை இருந்தது. இசையில் எம்.ஏ. முடித்து, சபாக்களில் நாலு கச்சேரியும் பாடிய பிறகுதான் இசை ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். ஒரு வருஷம் வீண் என்றே நினைத்தேன். பயிற்சிக்காக ஓர் எட்டாம் வகுப்பைக் கொடுத்தார்கள். நாற்பது பிள்ளைகள். சுருதிப் பெட்டியை என் வழக்கமான ஐந்தரைக் கட்டையில் வைத்து, மாயாமாளவகௌளையில் முதல் சரளி வரிசையை ஆரம்பித்தேன். பஞ்சமம் வரை எல்லாரும் வந்தார்கள். தைவதத்தைத் தாண்டும்போது கடைசி பெஞ்சில் ஒரு பையனின் குரல் கீச்சிட்டு உடைந்தது. வகுப்பே சிரித்தது. "சரியாப் பாடுப்பா, இன்னொரு தடவை" என்றேன். அவன் வாயை மூடிக்கொண்டான். மணி அடிக்கும்வரை திறக்கவில்லை.

வெளியே வந்ததும் என் பயிற்சி ஆசிரியை கேட்டார்: "அவனுக்கு மகரக்கட்டு உடையுதும்மா. இப்பப் போய் மேல் ஸட்ஜத்துக்கு ஏத்தலாமா?"

மறுநாள் அவரே வகுப்பெடுத்தார். அந்தப் பையனைத் தனியே கூப்பிடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. வகுப்பு முழுவதையும் ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குள்ளேயே பாடவைத்தார். பிறகு, குரல் எட்டுகிறவர்கள் மட்டும் மேலே போகட்டும், மற்றவர்கள் கீழ் ஸட்ஜத்தை அகாரத்தில் பிடித்துக்கொண்டு தம்புராவாக நிற்கட்டும் என்றார். கடைசி பெஞ்சிலிருந்து ஸட்ஜம் வந்தது. சற்றுக் கரகரப்பாக, ஆனால் சுருதி சேர்ந்து. இருபது வருஷம் பாட்டு கற்ற எனக்கு அந்த வழி தெரிந்திருக்கவில்லை. நான் அறிந்தது என் குரலை மட்டுமே, அவனுடைய குரலை அல்ல.

"தியாகராஜர் எந்த பி.எட். படித்தார்? குருகுலத்தில் பட்டமா கொடுத்தார்கள்?" என்று உடனே கேட்பார்கள். குருகுலத்தைச் சரியாகப் பார்த்தால் இந்தக் கேள்வியே எழாது. குரு சீடனைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொண்டார். சீடன் பல வருஷம் கூடவே இருந்தான். குருவின் கண்ணெதிரில் இளையவர்களுக்கு வரிசைகளைச் சொல்லிக்கொடுத்தே ஆசிரியனாகவும் ஆனான். அதுவே அந்தக் காலத்துப் பயிற்சி. ஆனால் பள்ளி யாரையும் பொறுக்கியெடுப்பதில்லை. ராகம் பிடித்தவனும் வருவான், ஒரு ஸ்வரத்தில்கூட நிற்க முடியாதவனும் வருவான். இருவருக்கும் வாரத்தில் அதே ஒரு பீரியட்தான்.

சொல்லிக்கொடுக்கத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதை அன்றே உணர்ந்த வித்வான்களும் உண்டு. சென்னை மியூசிக் அகாடமி 1931-லேயே இசை ஆசிரியர்களுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கியது. அதற்கு முதல்வராக வந்தவர் டைகர் வரதாச்சாரியார். வித்வத்தில் அவரை மிஞ்ச ஆள் குறைவு. அவரே பொறுப்பேற்ற வேலையை, சுமாராகப் பாடுகிறவர் எவரும் செய்துவிடலாம் என்று நாம் முடிவுகட்டியது எப்படி?

அரசும் இதே நம்பிக்கையில்தான் நடக்கிறது. 2012-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், தையல், உடற்கல்வி, இசை எல்லாம் அதில் அடக்கம். வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு தொகை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது, ஆனால் 'பகுதிநேரம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. 2017-ல் சிறப்பாசிரியர் பணிக்கு 1,325 இடங்கள் அறிவித்தபோது இசைக்கு நூறுகூட இல்லை. வருஷக்கணக்கில் படித்துப் பயிற்சியும் முடித்தவர் இதை நம்பி எப்படிக் குடும்பம் நடத்துவார்?

2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. முல்லைப்பாணி என்னும் மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடியில் பாட வேண்டும் என்றது அரசாணை. இசைத்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு பாடவைக்கவும் சொன்னது. அருமையான ஆணை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் பாட்டு டீச்சரே இல்லாத பள்ளியில் அந்தப் பயிற்சியை யார் கொடுப்பது?

சான்றிதழ் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. சுருதி சேராத பட்டதாரிகளையும் பார்த்திருக்கிறேன், அவர்களும் வகுப்பறைக்கு வேண்டாம். பாட்டும் வேண்டும், பயிற்சியும் வேண்டும். பாட்டு வகுப்புக்கு ஒரு பாடத்துக்குரிய மதிப்பும் வேண்டும். இலங்கைப் பள்ளிகளில் கர்நாடக சங்கீதம் பொதுத் தேர்வுக்கே உரிய ஒரு பாடம். நம் பள்ளிகளிலோ பரீட்சை நெருங்கினால் பாட்டு பீரியட் கணக்குக்குப் போய்விடுகிறது, பாட்டு டீச்சர் ஆண்டு விழாவுக்கு மட்டும் நினைவுக்கு வருகிறார்.

பெற்றோர்களே, ஆண்டு விழாவில் கைதட்டுவதற்கு முன்னால், ஜூன் மாதத்திலேயே தலைமையாசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எங்கள் பிள்ளைக்கு வாரம் எத்தனை பாட்டு பீரியட்? அந்த டீச்சர் எங்கே பயிற்சி எடுத்தார்?