பதினேழு வயதுத் தாய்

திருத்தணிகை மலையில் முகூர்த்த நாளென்றால் கூட்டத்திற்குக் கேட்க வேண்டுமா? வள்ளியை முருகன் மணந்த தலம் என்பதால் அங்கே தாலி கட்டிக்கொள்ளப் பலருக்கும் ஆசை. ஆனால் கோயிலில் வயதுச் சான்று கேட்பார்கள். ஆகவே வயது நிரம்பாத பெண்ணின் கல்யாணம் மலையேறுவதில்லை. வீட்டுக் கூடத்திலோ, எல்லைக்கு அப்பால் உறவினர் ஊரிலோ சத்தமின்றி முடிந்துவிடுகிறது. சங்கதி வெளியே தெரிவது பெண் கர்ப்பமான பிறகுதான். கல்யாணமே ஆகாமல் கருவுற்றவளின் கதி இன்னும் பரிதாபம்.

பதினேழு வயதில் அவள் உடம்பே வளர்ந்து முடியவில்லை. அதில் இன்னொரு உயிர் பங்கு கேட்கிறது. இருபது வயதிற்குட்பட்ட தாய்மாருக்குப் பிரசவ கால வலிப்பும், கர்ப்பப்பைத் தொற்றும் வரும் அபாயம் அதிகம்; குழந்தையும் குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறக்கக்கூடும். இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எச்சரிக்கை. இதைக் கவனிக்கப் பெரிய யந்திரம் ஒன்றும் தேவையில்லை. கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்ப்பது, சிறுநீர்ச் சோதனை, சோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை. எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைப்பவை. பெண் அங்கே வந்தால்தானே!

அவளை வரவிடாமல் தடுப்பது பயம். 18 வயது நிரம்பாதவள் கர்ப்பிணி என்று அறிந்தால் டாக்டர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது 2012-ம் ஆண்டின் போக்ஸோ சட்டம். தவறினால் ஆறு மாதம் வரை சிறை. கணவன் என்ற சாக்கும் செல்லாது என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது. சட்டத்தின் நோக்கத்தில் குறை இல்லை. சிறுமியைக் கெடுத்தவன் தப்பக்கூடாது. ஆனால் வீட்டார் போடும் கணக்கு வேறு. ஆஸ்பத்திரிக்குப் போனால் மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போவான் என்று பெண்ணை உள்ளே வைத்துவிடுகிறார்கள். வலி கண்ட பிறகு ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள்.

கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரை டாக்டர் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் கூறியது. பிள்ளை பெறப் போகிறவளுக்கு மட்டும் அந்த மறைவு ஏன் கூடாது? விசாரணை நடக்கட்டும். அது பரிசோதனை அறைக்கு வெளியே, பெண் அதிகாரி ஒருவரைக் கொண்டு நடக்கட்டும்.

பயம் தெளிந்து வருகிறவளுக்கும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் ஏழைக் கர்ப்பிணிகளுக்குச் சர்க்கார் தரும் உதவி 18,000 ரூபாய். ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் அதில் சேர்த்தி. ஆனால் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். யாருக்குச் சத்துணவு அதிகம் தேவையோ அவளுக்குத்தான் இல்லை! பணம் கொடுத்தால் பால்ய விவாகத்திற்கு ஊக்கமாகிவிடும் என்பார்கள். சரி, பணத்தை நிறுத்தி வையுங்கள். ஒரு டப்பா நெய்க்கும் பேரீச்சம்பழத்திற்கும் ஆசைப்பட்டு எந்தத் தகப்பனும் மகளைக் கட்டிக்கொடுக்க மாட்டான். பெட்டகத்தையாவது வயது பார்க்காமல் கொடுக்கலாமே?

திருத்தணிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 1960 ஏப்ரல் 1-ல் இவ்வூர் சித்தூர் ஜில்லாவிலிருந்து சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. எல்லைக்கோடு மாறிற்றே தவிர, சம்பந்தங்கள் மாறவில்லை. தாய்வீடு இங்கே, மாமியார் வீடு நகரியிலோ புத்தூரிலோ. அக்கம்பக்கத்தார் வாய்க்குப் பயந்து, வயிறு தெரியத் தொடங்கியதும் பெண்ணை அக்கரைக்கு அனுப்பிவிடுவது சுலபம். இங்கே பார்த்த ரத்த அழுத்தம் அங்கே இருக்கும் நர்ஸுக்கு எப்படித் தெரியும்? அவள் கையில் கொடுத்தனுப்பும் அட்டையில் தெலுங்கிலும் நான்கு வரி எழுதி, இரு பக்கத்து நர்ஸுகளின் டெலிபோன் எண்களையும் குறித்து வைத்தால் போதும். அதற்குப் புதிய சட்டமோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. இரு பக்கத்துச் சுகாதார அதிகாரிகளும் ஒரு நாள் கூடிப் பேசினால் ஆகிவிடும்.