முதல் கதாநாயகி மட்டுமா?

திருமானூரிலிருந்து கொள்ளிடப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் திருவையாறு. தியாகராஜர் ஆராதனையால் உலகறிந்த ஊர். 1911-இல் பிறந்த டி.பி.ராஜலட்சுமியின் பெயரில் உள்ள 'டி', அந்த ஊர்தான். 1931-இல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்தின் மூலம் தமிழ்ப் பேசும்படத்தின் முதல் கதாநாயகி ஆனவர் என்று அவரைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதி வரலாறு. நாடக மேடையிலிருந்து வந்த அந்த நடிகை, ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்று சொந்தப் படக் கம்பெனி தொடங்கி, தான் எழுதிய 'கமலவல்லி' நாவலை 1936-இல் 'மிஸ் கமலா' என்ற படமாக எடுத்தார். தயாரிப்பு, இயக்கம், கதை, நடிப்பு எல்லாம் அவரே. தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் அவர்தான். புராணக் கதைகளே ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கிடைத்த வேடங்களில் நடித்துச் சம்பளம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். சமூகக் கதையைக் கையில் எடுத்தார். 2019-இல் பார்த்திபன் 'ஒத்த செருப்பு' படத்தைத் தானே எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்தபோது வியந்தோம், வியக்க வேண்டியதுதான். அதற்கு 83 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் அந்தச் சுமைகளையெல்லாம் தூக்கியிருக்கிறார்.

'மிஸ் கமலா' இன்று பார்க்கக் கிடைப்பதில்லை, பார்க்காத படத்தை வைத்து ஒருவரை எப்படி இயக்குநராகக் கொண்டாடுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், 'காளிதாஸ்' மட்டும் கிடைக்கிறதா என்ன? அதன் படச்சுருளும் அழிந்துவிட்டது. நடிகைக்கு ஒரு நீதி, இயக்குநருக்கு ஒரு நீதியா? சொந்தக் கம்பெனி அன்று பலரும் நடத்தியதுதானே என்றால், உண்மைதான். நடிகை தன் எழுத்தைத் தானே படமாக்குவதற்காக நடத்தியது எத்தனை? இரண்டே படம்தானே இயக்கினார் என்பது இன்னொரு வாதம். இரண்டாவது, 'மதுரை வீரன்', எம்.ஜி.ஆர். நடித்ததற்கு முந்தையது. எண்ணிக்கை குறைவு என்பது அவருடைய திறமையை விட அன்றைய தொழிலைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. அவருக்கு அடுத்து நம் நினைவுக்கு வரும் பெண் இயக்குநர் பானுமதி. அவர் இயக்கிய 'சண்டிராணி' வந்தது 1953-இல்.

புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் தொடங்கிய 1964-ஆம் ஆண்டிலேயே ராஜலட்சுமி காலமானார். படச்சுருள் இனிக் கிடைக்குமா என்பது சந்தேகமே. பாட்டுப் புத்தகமோ நோட்டீஸோ டெல்டாவின் பழைய வீடுகளில், பரண்மேல் கிடக்கலாம். அப்படி ஏதும் கண்ணில் பட்டால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.