கவசத்துக்கு வெளியே நிற்பவர்கள்

டாங்கிகளுக்கு இனி அழிவேயில்லை என்று எழுதித் தள்ளும் நம்மவர் சிலருக்கு ஊர்காவற்றுறையை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இஸ்ரேலின் 'ட்ரோபி' 2011 இல் முதன்முறையாகக் களத்தில் ஓர் எறிகணையைத் தடுத்தது உண்மை. பாய்ந்துவரும் கணையை ரேடார் கண்டுகொள்ள, அது வாகனத்தை எட்டுமுன்பே உலோகச் சிதறல்களை வீசி உடைத்துவிடுகிறது. நல்லது. ஆனால் அந்த ரேடார் மண்ணுக்கடியில் பார்ப்பதில்லை. 1992 ஆகஸ்ட் 8 இல் ஊர்காவற்றுறைத் தீவின் அராலி முனையில் டென்சில் கொப்பேகடுவ, விஜய விமலரத்ன ஆகிய தளபதிகளைக் கொன்றது கண்ணிவெடி. அவர்கள் சென்றதோ லாண்ட் ரோவரில். வெடியின் வீச்சைப் பக்கங்களுக்குத் திருப்பிவிடும் 'வி' வடிவ அடித்தட்டுள்ள பவள் வாகனங்கள் அதே இராணுவத்திடம் அப்போதே இருந்தன!

இன்னொன்றையும் இவர்கள் எழுதுவதில்லை. வீசப்படும் சிதறல்கள் எங்கே போய் விழும்? டாங்கியை ஒட்டி நடக்கும் சொந்தக் காலாட்படைக்கே அவை ஆபத்தானவை என்பது படைத்துறையினர் அறிந்ததே. அப்படியிருக்க, கவசவாகனத் தொடரைக் கண்டு சைக்கிளை விட்டிறங்கி, வேலியோரம் ஒதுங்கி நின்ற நமது தீவகத்துச் சனம் எந்தக் கணக்கில் சேரும்? இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்ததே 2017 இல்தான். அதுவரை அந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு எவரும் ரேடார் பூட்டிவிடவில்லை.